நகத்தில் தட்டாத மடிப்பு: பழைய பேப்பர்பேக் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய புத்தகத்துக்குக் கொடுத்த 310 டாலர் போனது போனதுதான், திரும்பி வராது. அதற்காக அழுது முடித்தாயிற்று. என் தலையில் மிளகாய் அரைத்த அதே ஆள் இன்னும் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேர்ப்பது 1940களிலிருந்து 60கள் வரை அமெரிக்காவில் வந்த மலிவுப் பேப்பர்பேக்குகள், அதாவது மெல்லிய அட்டை போட்ட புத்தகங்கள். நழுவிய ரவிக்கையோடு ஒரு பெண், கதவோரம் ஒரு நிழல், கட்டிலில் ஒரு துப்பாக்கி, மேலே ரத்தச் சிவப்பில் தலைப்பு. அந்த ரகம். வீட்டில் இதைக் குப்பை என்பார்கள், நானும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் குப்பைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1939இல் பாக்கெட் புக்ஸ் பதிப்பகம் 25 சென்ட்டுக்குப் புத்தகம் போட ஆரம்பித்ததும், புத்தகம் புத்தகக் கடையை விட்டு மருந்துக் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்விட்டது. அங்கே சுழலும் கம்பி அடுக்கில் பத்திரிகைகளோடு முட்டி மோதி நிற்க வேண்டும். நடந்து போகிறவனைச் சட்டையைப் பிடித்து இழுக்கிற வேலை அட்டையுடையது. அதற்காக எதையும் செய்தார்கள். 1925இல் வந்த ஜான் எர்ஸ்கினின் ஹெலன் நாவல் பெரும்பாலும் பேச்சாலேயே நகர்கிற, கெட்டிக்காரத்தனமான நகைச்சுவை. அதை 1948இல் பாப்புலர் லைப்ரரி என்ற பதிப்பகம் மறுபதிப்பாகப் போட்டபோது அட்டையில் ருடால்ஃப் பெலார்ஸ்கி வரைந்த ஹெலனின் மெல்லிய ஆடைதான் இன்றுவரை பேச்சு. கதையை யார் படித்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. 1952இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை கேதிங்ஸ் என்கிற உறுப்பினர் தலைமையில் ஒரு குழுவே போட்டு இந்தப் புத்தகங்களை விசாரித்தது. அப்படி மானம் கெட்டுத் திரிந்த புத்தகங்களுக்குத்தான் இன்றைக்கு இந்த விலை.

ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் அட்டைதான் சரக்கு. உள்ளே இருப்பது பல நேரம் அட்டையை நிற்க வைக்கிற முட்டு, அவ்வளவுதான். என்னை ஏமாற்றியவருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் வாங்கியது ஏஸ் பதிப்பகத்தின் ஏஸ் டபுள் வரிசையில் டி-15 என்ற எண்ணுள்ள புத்தகம், 1953, அட்டை விலை 35 சென்ட். பெயர் ‘ஜங்கி’, எழுதியவர் பெயர் வில்லியம் லீ. அது அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸின் முதல் புத்தகம் என்பதும், லீ அவர் அம்மாவின் குடும்பப் பெயர் என்பதும் சேகரிப்பவர்களுக்குத் தெரியும். ஏஸ் டபுள் என்றால் ஒரே புத்தகத்தில் இரண்டு நாவல். ஒன்றைப் படித்து முடித்துத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொன்று தொடங்கும். பின்னட்டையே கிடையாது, இரண்டு பக்கமும் முன்னட்டை. இதில் மறுபக்கம் இருப்பது மாரிஸ் ஹெல்பிரான்ட் என்ற போதைப்பொருள் தடுப்பு அதிகாரியின் நினைவுக் குறிப்பு, 1941இல் ஏற்கெனவே வந்தது. போதைக்கு அடிமையானவனின் வாக்குமூலத்தைத் தனியாக விட்டால் வம்பு வரும் என்று அதன் முதுகில் போலீஸ்காரரைக் கட்டி விட்டார்கள். இந்த ஒரு குறும்புக்காகவே அந்தப் புத்தகம் எனக்கு வேண்டியிருந்தது. நல்ல நிலையில் இருக்கும் பிரதி என் கைக்கு எட்டாத விலை. 310 என்று பார்த்ததும் கை அரித்தது.

விற்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்தது அங்கேதான். ஏமாற்றுகிறவர்கள் “அருமையான பிரதி, அபூர்வம், கடைசி வாய்ப்பு” என்று கூவுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இவர் கூவவே இல்லை. நான் கேட்பதற்கு முன்பே குறைகளை அடுக்கினார். கீழ் இடது மூலையில் ஒரு மடிப்பு இருக்கிறது, முதுகில் படித்ததால் விழுந்த கோடு ஒன்று ஓடுகிறது, மேல் ஓரத்தில் நகக்கண் அளவு நிறம் போயிருக்கிறது, ‘வெரி குட்’ என்று போட மனசு வரவில்லை, ‘குட்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். (புதியவர்களுக்கு: பழைய புத்தக வியாபாரத்தில் ‘குட்’ என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. அடி வாங்கியது, ஆனால் பக்கம் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம்.) இவ்வளவு நேர்மையான மனிதரா என்று நெகிழ்ந்துபோனேன். சின்னத் திருட்டைத் தானே ஒப்புக்கொள்கிறவன் பெரிய திருட்டைச் செய்ய மாட்டான் என்று நமக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் அவர் போட்டு வைத்திருந்தார்.

இரண்டு வாரம் பேசினோம். அட்டை ஓவியர்களில் பெலார்ஸ்கியா, பேரி ஃபிலிப்ஸா யார் உசத்தி என்றுகூட விவாதம் நடந்தது. விஷயம் தெரிந்த ஆள், அதில் சந்தேகமில்லை. படம் கேட்டால் பளிச்சென்று அனுப்பினார், நேராக மேலிருந்து எடுத்த படம், எழுத்தெல்லாம் ஊசி மாதிரித் தெரிந்தது. கடைசியில் பணம் அனுப்பும்போது, பேபால் என்ற இணையப் பணச் சேவையில் ‘நண்பர்கள், குடும்பத்தார்’ வழியாக அனுப்பினால் கட்டணம் மிச்சம், அதில் 20 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றார். 330 இப்படித்தான் 310 ஆனது. அந்த வழியில் அனுப்பினால் வாங்குகிறவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நானே எச்சரித்திருக்கிறேன். இரண்டு வாரம் ஒருவரோடு அட்டை ஓவியம் பற்றிப் பேசிவிட்டு, “உங்களை நம்பவில்லை” என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதுதான் நடந்தது.

பார்சல் அழகாக வந்தது. இரண்டு அட்டைத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் உறை, அதற்குள் புத்தகம். உறையைத் திறந்ததும் டால்கம் பவுடர் வாசனை. பழைய புத்தகத்துக்கு ஒரு வாசனை உண்டு, மரத்தூளும் லேசான இனிப்பும் கலந்த மாதிரி. பவுடர் வாசனை வந்தால் யாரோ எதையோ மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பக்கங்களை விசிறிப் பார்த்தேன். மடியில் வெள்ளையாகக் கொட்டியது. நடுப்பக்கங்களில் பூஞ்சணப் புள்ளி. சரி, ‘குட்’ என்றுதானே சொன்னார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்திலும் அவருக்காக நானே வக்காலத்து வாங்கினேன் பாருங்கள்.

பிறகு அவர் சொன்ன மூலை மடிப்பைப் பார்த்தேன். கீழ் இடது மூலையில் சரியாக இருந்தது, வெள்ளைக் கோடாக. விரலை வைத்துத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. புரியவில்லை. நான் அண்ணா என்று கூப்பிடுகிற ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷமாகச் சேர்ப்பவர், அவருக்கு வீடியோவில் காட்டினேன்.

“அண்ணா, மடிப்பு தெரியுது, கையில தட்டவே மாட்டேங்குது.”

“நகத்தால குறுக்க இழுத்துப் பாரு.”

இழுத்தேன். ஐஸ் மேல் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

“ஜன்னல் பக்கம் போ. புத்தகத்தைப் படுக்கப் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி சாய்ச்சுக் காட்டு.”

சாய்த்தேன். உண்மையான மடிப்பு என்றால் தாள் உடைந்திருக்கும், வெளிச்சம் அந்த இடத்தில் தடுக்கி விழும். இங்கே மூலையிலிருந்து மூலைவரை ஒரே பளபளப்பு, ஒரு இடத்திலும் உடையவில்லை. அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எவ்வளவுடா குடுத்தே?” என்றார்.

அது மடிப்பு இல்லை. மடிப்பின் புகைப்படம். வேறு யாரோ வைத்திருக்கும் அசல் பிரதியின் அட்டையை, அதன் மடிப்பு, கோடு, நிறம் போன இடம் எல்லாவற்றோடும் பிரதியெடுத்து அச்சடித்து ஒட்டியிருக்கிறார். புத்தம் புதிதாக அடித்திருந்தால் எழுபது வருஷப் புத்தகம் எப்படி இப்படி இருக்கும் என்று சந்தேகப்பட்டிருப்பேன். அடிபட்ட அட்டையாக அடித்ததால் நம்பினேன். அவர் முன்கூட்டி ஒப்புக்கொண்ட மூன்று குறைகளும் காகிதத்தில் மையாக மட்டும் இருந்தவை. கோபத்திலும் ஒரு சபாஷ் போட வைத்த இடம் இதுதான்.

அதற்குப் பிறகு 10 மடங்கு லென்ஸை எடுத்து உட்கார்ந்தேன். அந்தக் காலத்து வண்ண அச்சு, நான்கு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் அடுக்கி வந்தது. லென்ஸில் பார்த்தால் சின்னச் சின்னப் பூவிதழ் வட்டங்களாகத் தெரியும். இங்க்ஜெட் அச்சில் அந்த ஒழுங்கு இருக்காது, பன்னீர் தெளித்த மாதிரி தாறுமாறாகச் சிதறியிருக்கும். ஆனால் படத்தைப் பார்த்து உறுதி செய்வதைவிட எழுத்தைப் பார்ப்பது சுலபம். அசலில் விலையும் எண்ணும் தனி மையில் திட்டமாக விழுந்திருக்கும், ஓரம் கத்தி மாதிரி இருக்கும். என் பிரதியில் ‘35’ என்ற எண்ணின் கருப்புக்குள்ளேயே சிவப்பும் நீலமும் மஞ்சளும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. ஒரு எண்ணை நான்கு நிறம் கலந்து செய்ய வேண்டிய அவசியம் பிரதியெடுப்பவனுக்குத்தான் உண்டு, 1953இல் அச்சகத்துக்கு இல்லை.

புற ஊதா விளக்கிலும் பார்த்தேன். அட்டை நீலமாக ஒளிர்ந்தது, உள்தாள் செத்த மாதிரி இருட்டாகக் கிடந்தது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிரூட்டி 1950 வாக்கிலிருந்து பரவிவிட்டது, ஆகவே 53ஆம் வருஷத்துச் சரக்கு கொஞ்சம் ஒளிர்ந்தால் அதுவே குற்றமில்லை. 1940களின் புத்தகம் என்றால் சந்தேகத்துக்கு வலு அதிகம்.

முதுகுப் பக்கம் போனால் எழுத்து இரண்டு மில்லிமீட்டர் முன்னட்டைப் பக்கம் ஒதுங்கி நின்றது. டபுளில் இரண்டு முன்னட்டையும் முதுகும் ஒரே தாள், அளந்து மடிப்பது கஷ்டம். பக்கத்தில் என்னிடமிருக்கும் வேறு இரண்டு ஏஸ் புத்தகங்களை நிறுத்தினேன். இது மட்டும் மூன்று மில்லிமீட்டர் குட்டை. ஒட்டிய பிறகு மூன்று பக்கமும் வெட்டிச் சமப்படுத்தியிருக்கிறார். வெட்டினால் இன்னொன்றும் காட்டிக்கொடுக்கும். அந்த மட்டமான மரக்கூழ்த் தாள் ஓரத்திலிருந்து உள்நோக்கித்தான் பழுப்பேறும், தோசை ஓரம் முறுகுவது போல. வெட்டிய புத்தகத்தில் முறுகிய ஓரம் குப்பைக்குப் போய், உள்ளே இருந்த வெளிர் பாகம் ஓரமாகிவிடும்.

உள்ளே இருப்பது அசல்தான். அதுதான் இந்த மோசடிக்கு மூலதனமே. விற்காத பேப்பர்பேக்கைக் கடைக்காரர் முழுதாகத் திருப்பி அனுப்ப வேண்டாம், அட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் போதும், காசு வரவாகிவிடும் என்கிற வழக்கம் அந்த வியாபாரத்தில் உண்டு. மீதியை அழித்துவிட வேண்டும் என்பது விதி, எல்லோரும் அழித்தார்களா என்பது வேறு கதை. அதுபோக, அட்டை தானாகப் பிய்ந்து போன பிரதிகள் எக்கச்சக்கம், பசை காய்ந்து முதுகு உதிர்வது இந்தப் புத்தகங்களின் பிறவிக் குணம். அப்படிப்பட்ட மொட்டைப் பிரதி அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஒரு நல்ல ஸ்கேன், கொஞ்சம் பசை, ஒரு வெட்டுக் கருவி. இவ்வளவுதான் முதலீடு. நகல் அட்டை போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. என்னிடமே இரண்டு இருக்கின்றன, உள்பக்கத்தில் ‘நகல் அட்டை’ என்று அச்சிட்டே விற்றார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி. அந்த ஒரு வரியை இவர் விட்டுவிட்டார்.

பார்சலில் ‘அன்பளிப்பு’ என்று இன்னொரு புத்தகமும் வைத்திருந்தார், நைட்ஸ்டாண்ட் என்ற பதிப்பகத்தின் வெளியீடு, ஆசிரியர் பெயர் ஆண்ட்ரூ ஷா. “இது லாரன்ஸ் பிளாக் புனைபெயரில் எழுதியது, சும்மா வைத்துக்கொள்ளுங்கள்” என்று துண்டுச்சீட்டு. குற்றப் புனைகதை எழுத்தாளரான பிளாக் அந்தப் பெயரில் எழுதியது உண்மை. ஆனால் அது பதிப்பகத்துப் பொதுப்பெயர், வேறு கைகளும் அதற்குள் புகுந்திருக்கின்றன. பெயர் இருப்பதால் மட்டும் இந்தக் குறிப்பிட்ட புத்தகம் அவருடையதாகிவிடாது. இதே வாதத்தை வைத்து அவர் வேறு சிலருக்கு இந்த ரகப் புத்தகங்களைக் கொழுத்த விலைக்குத் தள்ளியிருப்பது பிறகு தெரிந்தது. எனக்கு இனாமாக வந்ததால் இதில் நஷ்டமில்லை, வாயை அடைக்கப் போட்ட மிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு எழுதினேன். லென்ஸ் படங்களையும் அனுப்பினேன். முதல் பதில் தேன்: “அப்படியா, எனக்கே தெரியாது, நானும் ஒருவரிடம் வாங்கியதுதான்.” சரி, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான்கு நாள் மௌனம். பிறகு, நீங்கள் அசலை வைத்துக்கொண்டு நகலைத் திருப்பித் தரப் பார்க்கிறீர்களோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும் என்று வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் செய்தி அனுப்ப முடியாதபடி என்னைத் தடுத்துவிட்டார். பேபாலிடம் போனேன், ‘பொருள், சேவை’ வழியாக அனுப்பியிருந்தால் 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்கலாம், இது நண்பருக்கு அனுப்பிய பணம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். விதியைப் படித்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. 20 டாலர் லாபம் பார்க்கப் போய் 310ஐக் கோட்டை விட்டேன்.

இப்போது நான் வாங்குவதற்கு முன் படம் கேட்பதில்லை, வீடியோ கேட்கிறேன். புத்தகத்தை மேசையில் படுக்க வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்க்கச் சொல்கிறேன், சொன்ன மடிப்பின் மேல் விரலை ஓட்டச் சொல்கிறேன், அட்டையைத் திறந்து அதன் உள்பக்கத்தைக் காட்டச் சொல்கிறேன். உள்பக்கம் முக்கியம். எழுபது வருஷம் பழுப்புத் தாளோடு ஒட்டிக் கிடந்த அட்டைக்கு உள்ளேயும் பழுப்பு ஏறியிருக்கும். ஸ்கேலை ஓரத்தில் வைத்து உயரம் காட்டச் சொல்வதும் உண்டு. நேர்மையாக விற்கிறவர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை, சிலர் குஷியாகவே செய்கிறார்கள், அவர்களும் சேகரிப்பவர்கள்தானே. ஒருவர் மட்டும் “இவ்வளவு சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள்” என்றார். வாங்கவில்லை.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் முழுதும் எழுதியதே. போன வாரம் பழைய ஏலப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது என் புத்தகத்தைப் பார்த்தேன். அதாவது, என் அட்டைக்குத் தாய்ப் பிரதியை. இரண்டு வருஷத்துக்கு முன்பே வேறு ஒருவர் விற்றது, அது அசல், வாங்கியவர் நிம்மதியாக இருப்பார். அதிலும் கீழ் இடது மூலையில் அதே மடிப்பு, அதே இடத்தில் நிறம் போயிருக்கிறது. மடிப்பு ஒரே கோடு இல்லை. மூலையிலிருந்து ஏறி, கட்டைவிரல் அகலத்தில் இரண்டாகப் பிரிகிறது, கவட்டைக் குச்சி மாதிரி. இடது கிளை குட்டை, வலது கிளை கொஞ்சம் வளைந்து படத்தின் கீழ் ஓரம்வரை போகிறது. முந்தாநாள் வேறொரு பெயரில் ஒரு டி-15 விற்பனைக்கு வந்திருக்கிறது, இந்த முறை 290 டாலர். விவரத்தில், “கீழ் மூலையில் சிறு மடிப்பு, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்” என்று இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே கவட்டைக் குச்சி.